ஏழாவது துணி

ஜூன் ஐந்தாம் தேதி காலை எட்டு பத்துக்குப் பிரவீனா தொழிற்சாலைப் பயிற்சிக்கூடத்தின் கதவைத் திறந்தாள். சுவரில் ஒன்பது கொக்கிகள் இருந்தன. துணிகள் இல்லை.

நேற்று மாலை நாலு மணிக்கு அவள் கிளம்பும்போது ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு காடாத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. ஏணியில் ஏறி, ரசமட்டம் வைத்து, ஒன்பதும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் போனாள். இப்போது சுவர் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. துடைத்துத்தான் இருந்தார்கள். பினாயில் வாடை அடித்தது.

மேசைமேல் இருபத்தொரு கொட்டாங்குச்சிகளில் மண்பொடி வைத்திருந்தாள். தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்துச் செம்மண், சிங்காரப்பேட்டைக் கரம்பை, கல்லாவியில் அவள் வீட்டுக் கிணற்றடி மண். பொடி ஒன்றும் இல்லை. கொட்டாங்குச்சிகளை மட்டும் கழுவி, பெரியது முதல் சிறியது வரை வரிசையாகக் கவிழ்த்திருந்தார்கள்.

நாலாவது கொக்கியில் ஒரு சிவப்பு அட்டை ஆடியது. எடுத்துப் படித்தாள்.

பொருள்: பழைய துணி. எண்ணிக்கை: 9. குறை: கறை. நடவடிக்கை: மறுபயன்பாடு.

கீழே யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"மேடம், அங்க மிதிக்காதீங்க, ஈரம்."

ஹவுஸ்கீப்பிங் மாதேஸ்வரி கையில் மாப்போடு வாசலில் நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நேற்று ஏணியைப் பிடித்துக்கொண்டது அவள்தான்.

"அக்கா, இங்க இருந்த துணியெல்லாம் எங்க?"

"நேத்து அஞ்சு மணிக்கு ஆடிட்டுங்க மேடம். செவப்பு கார்டு போட்டுட்டாங்க. போட்டா எடுத்துடணும்."

"யாரு எடுத்தது?"

"நான்தாங்க. ஏறி எறங்கி முட்டி வலிக்குது. அவ்ளோ ஒசரத்துல எதுக்கு மேடம் காயப் போட்டீங்க?"

"காயப் போடலக்கா. அது படம். மாட்டும்போது நீங்கதான ஏணி புடிச்சீங்க?"

"ஏணிதான் புடிச்சன். படம்னு யாரு சொன்னாங்க? துணிதான இருந்துச்சு."

பிரவீனா கண்ணை மூடித் திறந்தாள். "மண்ணு?"

"இன்னைக்குச் செடி நடறாங்கல்ல, குழியில போட்டுட்டம். நல்ல மண்ணுங்க மேடம். சலிச்ச மண்ணு."

சலித்தது பிரவீனாதான். இரண்டு மாதம், மல்துணியில், ஒவ்வொன்றையும் மூன்று தடவை.

இந்தத் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. வேலை இடத்தில் வேலைக்கு ஆகாத பொருள் எது கண்ணில் பட்டாலும் சிவப்பு அட்டை மாட்டுவார்கள். யாரும் உரிமை கொண்டாடாவிட்டால் அதை எடுத்துப் போய்விடுவார்கள். அதனால்தான் இந்த வளாகத்தில் ஓர் உடைந்த நாற்காலி கிடையாது, நின்றுபோன கடிகாரம் கிடையாது. வாசல் கண்ணாடிப் பெட்டியில் அதற்காக வாங்கிய கேடயங்கள் இருந்தன. இன்றைக்குப் பெங்களூரிலிருந்து டைரக்டர் வருகிறார் என்பதால் நேற்றே எல்லா அறைகளையும் ஒரு சுற்றுப் பார்த்திருக்கிறார்கள். உலகச் சுற்றுச்சூழல் தினம். பதினொரு மணிக்கு அவர் பிரவீனாவின் கண்காட்சியைத் திறந்துவைத்து, அதன்பிறகு செடி நட்டுத் தண்ணீர் ஊற்றுவார்.

மனிதவள மேலாளர் பாஸ்கரன் எட்டே முக்காலுக்கு வந்தார். சேலத்துக்காரர். கோபமே வராத மனிதர். அவரிடம் தாங்க முடியாதது அதுதான்.

"டென்ஷன் ஆவாதீங்க மேடம். சின்னக் கம்யூனிகேஷன் கேப்."

"ஒன்பது துணியக் காணோம் சார்."

"காணோம்னு சொல்லாதீங்க. ஸ்டோர்ஸ்ல இருக்கும். குப்பைக்கு அனுப்பல பாருங்க, ரீயூஸ்ல போட்டிருக்காங்க. என்விரான்மெண்ட் டேங்கிற ஃபீலிங் எல்லாருக்கும் இருக்கு."

"சார்."

"லேபிள் ஒட்டியிருந்தா எடுத்திருக்க மாட்டாங்க மேடம்."

"லேபிள் நீங்கதான் தரணும்னு சொன்னீங்க. பதினஞ்சு நாளா கேட்டுட்டு இருக்கேன்."

"அப்ரூவல் மேடம். நேத்து சாயங்காலம்தான் வந்துச்சு." கோப்பிலிருந்து ஒன்பது அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். பளபளவென்று லேமினேட் செய்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஓர் ஏரியின் பெயர், தண்ணீர் எடுத்த தேதி. அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஏழாவதில் 'உள்ளூர் நீர்நிலை' என்று இருந்தது.

"இது என்ன?"

"பொதுவா ஒரு பேரு."

"மத்த எட்டுக்கும் ஊரு பேரு இருக்கு. இதுக்கு மட்டும் இல்லையா?"

"இருக்கு மேடம். கொஞ்சம் சென்ஸிட்டிவ்."

"அதுக்குப் பின்னேரின்னு பேரு சார். உங்க காம்பவுண்டுக்குப் பின்னாடி இருக்கு."

"அதான் மேடம் சென்ஸிட்டிவ்."

பதினாலு மாதம் அவள் ஓசூருக்கும் ஊத்தங்கரைக்கும் நடுவே பஸ்ஸில் அலைந்து ஒன்பது ஏரிகளில் தண்ணீர் எடுத்திருந்தாள். வேலை சுலபமானது. காடாத் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்தால் வெளிர்மஞ்சளாக வரும். அதை ஏரித் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். தண்ணீரில் இரும்பு கலந்திருந்தால் துணி கறுக்கும். கலந்திருக்கும் அளவுக்குக் கறுக்கும். தூரிகையை அவள் தொடவே இல்லை. எட்டுத் துணிகள் மோர் நிறத்திலும் வைக்கோல் நிறத்திலும் வந்தன, இரண்டில் மட்டும் லேசாகச் சாம்பல் ஏறியிருந்தது. ஏழாவது துணி, நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்தில் வந்தது.

ஜனவரியில் பெங்களூரில் கண்காட்சி வைத்தாள். எல்லாரும் ஏழாவது துணி முன்னால்தான் நின்றார்கள். இந்த நிறத்தில் ஜன்னல் திரை கிடைக்குமா என்று மூன்று பேர் கேட்டார்கள். எந்த ஏரி என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே வந்திருந்த டைரக்டர்தான், நம் தொழிற்சாலையிலும் வையுங்கள் என்று முகவரி அட்டை கொடுத்தார். இங்கே அறுநூறு பேர் வேலை செய்கிறார்கள். தினமும் கம்பெனி பஸ்ஸில் பின்னேரிக் கரைமேல்தான் வந்து போகிறார்கள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவர்கள் இந்தக் கூடத்துக்குள் வருவார்கள், அந்தத் துணியின் கீழே தங்கள் ஏரியின் பெயரைப் படிப்பார்கள். அதற்காகத்தான் அவள் ஒப்புக்கொண்டாள். வேறு எதற்காகவும் இல்லை.

ஸ்டோர்ஸில் சுடலைமுத்து இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஓசூருக்கு வந்து பத்தொன்பது வருஷமாகியும் பேச்சு மட்டும் வந்து சேரவில்லை.

"வாங்க மேடம், இரிங்க. துணிதானே? எட்டு உருப்படி பத்திரமா இருக்கு. ஒண்ணு இஷ்யூ ஆயிட்டு."

"எது?"

"கறுப்பு. வெட்டியாச்சுல்லா."

"வெட்டியாச்சா?"

"மிசின் தொடைக்க மேடம்," என்றார் சுடலைமுத்து, அவளுக்குப் புரியவில்லையோ என்று. "பனியன் வேஸ்ட் ரெண்டு வாரமா வரல. காலம்பற மெயிண்டனன்ஸ்ல வந்து நின்னாவ. அழுக்குத் துணியத்தான் மொதல்ல வெட்டணும். வெள்ளையா இருந்தத பெயிண்ட் ஷாப்புக்கு ஆவும்னு எடுத்து வச்சேன். ஒரு துணிய வீணாக்க மாட்டேன் நான். நல்ல கட்டியான துணி. எங்க வாங்குனீய?"

"அது அழுக்கு இல்ல சார். அதுதான் ட்ராயிங்."

சுடலைமுத்து பாஸ்கரனைப் பார்த்தார். பாஸ்கரன் கூரையைப் பார்த்தார்.

"ட்ராயிங்னா நம்பர் இருக்கணும்லா மேடம்?"

அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு ட்ராயிங் என்றால் இயந்திர வரைபடம். அது எதுவும் நம்பர் இல்லாமல் இருந்ததில்லை. யாராவது கேலி செய்தால்கூட இன்றைக்குத் தேவலை என்று பிரவீனாவுக்குத் தோன்றியது.

"எத்தனை துண்டு?"

"எட்டு."

தலைக்கவசம் ஒன்றை அவள் தலையில் வைத்து, பாஸ்கரன் இயந்திரங்கள் ஓடும் ஷாப் ஃப்ளோருக்குக் கூட்டிப் போனார். முதல் துண்டு ஒரு குழாயின் வளைவில் கட்டியிருந்தது. அவிழ்த்ததும் எண்ணெய் சொட்டியது, ஃபிட்டர் அவசரமாக வேறொரு துணியைக் கட்டினான். இரண்டாவதை இன்னொரு ஃபிட்டர் பின்பாக்கெட்டில் வைத்திருந்தான். விஷயம் கேட்டதும் கூச்சப்பட்டு, "தொவச்சுத் தரட்டுங்களா மேடம்?" என்றான். மூன்று துண்டுகள் கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் கசங்கிக் கிடந்தன. மிச்சம் மூன்றும் எண்ணெய்க் கழிவுத் தொட்டிக்குள் போய்விட்டன. அந்தத் தொட்டியைத் திறக்கத் தனி அனுமதி வேண்டும். அனுமதி தருகிறவர் விடுப்பில் இருந்தார்.

கூடத்துக்குத் திரும்பும்போது மணி ஒன்பதே முக்கால். எட்டுத் துணிகளையும் அவளும் மாதேஸ்வரியும் திரும்ப மாட்டினார்கள். ஐந்து துண்டுகளைத் தரையில் பழைய செய்தித்தாள்மேல் விரித்தாள். ஒவ்வொன்றும் மினுங்கியது. இரண்டு துண்டுகளில் ஏரிக் கறுப்பு எது, இயந்திரக் கறுப்பு எது என்று அவளுக்கே தெரியவில்லை.

பாஸ்கரன் குனிந்து பார்த்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இத மாட்டினா நம்ம கிரீஸ மாட்டின மாதிரி இருக்கும்."

"நேத்து வரைக்கும் அது ஏரி சார்."

"நேத்து நான் பாக்கலையே மேடம்."

"போட்டோ இருக்கு."

"போட்டோல எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்புதான்." அவர் குரலில் வருத்தம் இருந்தது. உண்மையான வருத்தம் போலத்தான் இருந்தது. "அந்த இடத்துல ஒரு பேனர் வச்சுக்கலாம். 'நீரைச் சேமிப்போம்'னு ரெடியா இருக்கு. சைஸும் கரெக்டா உக்காரும்."

இவர்தான் செய்வித்தாரா? குழாயடியிலும் கிரீஸ் டப்பாவின் பக்கத்திலும் நிற்கும்போதெல்லாம் அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போடலாம். ஆனால் ஆடிட் செய்தவன் விதிப்படி செய்தான், மாதேஸ்வரி சொன்னதைச் செய்தாள், சுடலைமுத்து ஒரு துணியை வீணாக்கக் கூடாது என்று பார்த்தார். எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்ததில் ஓர் ஏரி சுவரிலிருந்து இறங்கிவிட்டது. யாரோடு சண்டை போடுவது?

அவள் பையைத் திறந்தாள். அடியில் ஒரு துணி சுருட்டியபடி இருந்தது. கடுக்காயில் ஊறவைத்து உலர்த்தியது. எங்கே போனாலும் உபரியாக ஒன்று எடுத்து வருவாள்.

"சார், பின்கேட்டத் திறக்கச் சொல்லுங்க. ஒரு வாளி தண்ணி எடுத்துட்டு வரேன். திரும்ப முக்கி மாட்டிடலாம். அரை மணி நேரம்."

"பின்கேட்டா?" பாஸ்கரன் முதல்முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கேட் பாஸ் வேணும் மேடம்."

"போடுங்க."

"போற ஆளுக்குப் போடலாம். தண்ணி உள்ள வருதுல்ல, அது மெட்டீரியல் இன்வார்டு. டெஸ்ட் சர்டிஃபிகேட் இல்லாம செக்யூரிட்டி உள்ள விட மாட்டான்."

"ஏரித் தண்ணிக்கு டெஸ்ட் சர்டிஃபிகேட்டா?"

"எந்த லிக்விட்டா இருந்தாலும்."

"அந்த சர்டிஃபிகேட் இருந்தா நான் எதுக்கு சார் துணிய முக்கறேன்?"

பாஸ்கரன் சிரித்தார். நல்ல பதில் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பேனரைக் கொண்டுவரச் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பிரவீனா நாற்காலியில் உட்கார்ந்தாள். தலைக்கவசம் இன்னும் தலையில் இருந்தது. கழற்றி மேசைமேல் வைத்தாள். மாதேஸ்வரி தரையில் கிடந்த எண்ணெய்த் துண்டுகளைக் காலால் ஒதுக்கப் போய், நிறுத்தி, கையால் எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ஏரித் தண்ணிதானங்க மேடம் வேணும்?"

"ஆமாக்கா."

"அதுக்கு எதுக்குக் கேட்டு? வெளிய ரெண்டு டிரம்மு ரொப்பி வச்சிருக்காங்கல்ல, நீலக் கலரு. அது ஏரித் தண்ணிதான்."

"செடிக்கு ஊத்த வச்சதா?"

"ஆமாங்க. போர்ல தண்ணி எறங்கி எட்டு மாசம் ஆச்சு. தோட்டத்துக்கெல்லாம் அதத்தான் மோட்டார் போட்டு இழுக்கறாங்க."

"யார் மோட்டாரு? கம்பெனியா?"

"பின்ன, எங்க ஊரு மோட்டாரா?" மாதேஸ்வரி மாப்பைப் பிழிந்தாள். அவள் ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம். "எங்களுக்கு அந்தத் தண்ணியே பேடா, வேணவே வேணாம். மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பி வந்துடுது."

பிரவீனா எழுந்தாள். "ஒரு வாளி குடுங்க. வெள்ளையா இருக்கணும்."

பதினொன்று பத்துக்கு டைரக்டர் வந்தார். அறுபது வயது, மெலிந்த உடம்பு, கன்னடமும் தமிழும் கலந்து மெதுவாகப் பேசுகிறவர். பின்னால் இருபது பேர். பாஸ்கரன் ரிப்பனுக்குக் கத்தரிக்கோல் நீட்டினார். கைதட்டினார்கள். டைரக்டர் சுவரோரமாக நடந்தார். ஒவ்வொரு துணியின் முன்னாலும் நின்றார், கீழே இருந்த பெயரைப் படித்தார், தலையாட்டினார், நகர்ந்தார். ஆறு துணிகள் தாண்டின.

ஏழாவது கொக்கி காலியாக இருந்தது. பேனர் சுருட்டியபடி மூலையில் சாய்ந்திருந்தது. பாஸ்கரன் மூன்று தடவை சொல்லியனுப்பியும் அதை மாட்ட ஏணி கிடைக்கவில்லை. ஏணி மாதேஸ்வரியின் பொறுப்பில் இருந்தது. கொக்கிக்குக் கீழே ஒரு மேசை, மேசைமேல் வெள்ளை பிளாஸ்டிக் வாளி, பக்கத்தில் வெளிர்மஞ்சள் துணி. லேமினேட் அட்டையைப் பிரவீனா திருப்பி வைத்திருந்தாள். பின்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் எழுதியிருந்தாள்: பின்னேரி.

பாஸ்கரன் அதை அப்போதுதான் பார்த்தார்.

டைரக்டர் படித்தார். "பின்னேரி. இது எங்க இருக்கு?"

எல்லாருக்கும் தெரிந்த இடம்.

"இந்தச் சுவருக்குப் பின்னாடி சார்," என்றாள் பிரவீனா.

"பெங்களூர்ல பாத்தேனே, அந்தக் கறுப்பா? அது எங்க?"

"இங்க மறுபயன்பாட்டுல போயிடுச்சு சார். மிஷின் தொடைக்க."

டைரக்டர் பாஸ்கரன் பக்கம் திரும்பினார். பாஸ்கரன், "சின்னக் கம்யூனிகேஷன் கேப் சார்," என்றார்.

"இப்ப இது என்ன தண்ணி?" டைரக்டர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. வாளியின் அடி தெரிந்தது.

"நீங்க செடிக்கு ஊத்தறதுக்காக வெளிய டிரம்முல வச்சிருக்காங்களே சார், அது. இந்தத் துணிய முக்கினா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும்."

"சார், இது செம்மண் பூமி," என்றார் பாஸ்கரன். குரல் பதறவில்லை. "தண்ணியில இரும்பு நேச்சுரலாவே கொஞ்சம் இருக்கும்."

"மத்த எட்டு ஏரியும் செம்மண் பூமிதான் சார்," என்றாள் பிரவீனா. கையை நீட்டி எட்டையும் காட்டினாள். மோர், வைக்கோல், லேசான சாம்பல். இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்த சுடலைமுத்து எட்டையும் மறுபடி எண்ணிப் பார்ப்பதுபோல உதட்டை அசைத்தார்.

டைரக்டர் வாளியையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார். கோபப்படுகிறாரா, ரசிக்கிறாரா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சரி. பாத்துடலாம்," என்றார். "நீவே மாடி, பாஸ்கரன். நீங்களே முக்குங்க. அவங்க முக்கினா அவங்க ஏதோ கலந்தாங்கன்னு நாளைக்கு நீங்க சொல்லுவீங்க."

யாரோ சிரித்து, அடக்கிக்கொண்டார்கள்.

பாஸ்கரன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். சட்டைக் கைகளை முழங்கைவரை மடித்தார், முதலில் இடது, பிறகு வலது. துணியை எடுத்தார். பிரவீனா அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாலு மாதமும் அந்த ஒரு கைக்குள் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது. அவர் துணியை வாளிக்குமேல் கொண்டுபோனார். தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே கை நின்றது.

நின்ற கை இறங்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாதேஸ்வரி முன்னால் வந்தாள்.

"கிளவுஸ் தரட்டுங்களா சார்?"